ஒழுங்கைக் கணக்கும் தகவல் உரிமை விண்ணப்பமும்: சாட்டுகளுக்கு எடுபடுமா?

யாழ்ப்பாணத்தில் எந்த உள்ளூராட்சிச் சபையிலும் ஒழுங்கை வேலையின் கணக்கைக் கேட்டால் முதலில் வருகிற சாட்டு இதுதான்: “முந்தி இருந்தவை மட்டும் திறமோ?” உயர்தரத்தில் அளவையியல் படிக்கிற பிள்ளைகூட இதைப் போலி (பிழையான வாதம்) என்று சொல்லிவிடும். சொல்லி என்ன, கணக்கு வெளியே வராதே. அதை வெளியே எடுக்க இருக்கிற சேவை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

விண்ணப்பத்துக்குக் காசில்லை. அதற்கென இருக்கிற ஆர்.டி.ஐ. 01 படிவமும் கட்டாயமில்லை. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிச் சபையின் தகவல் அலுவலரிடம் கொடுக்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கிடைத்ததற்கான எழுத்துச் சான்றை வாங்காமல் கந்தோர்ப் படி இறங்க வேண்டாம். முடிவு சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாள்.

பலர் சறுக்குவது கேள்வியில்தான். “ஏன் வீதி உடைஞ்சது?” என்று எழுதினால் “மழை” என்று ஒற்றை வரி வரும். அதுவும் ஒரு போலி. கடதாசியைக் கேளுங்கள்: மதிப்பீடு, அளவீட்டுப் பதிவு, கொடுப்பனவு வவுச்சர். 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 100 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 30 கனமீற்றர் கொங்கிறீற். உடைந்த இடத்தில் அடிமட்டம் 75 மில்லிமீற்றர் காட்டி, எங்கும் அதே தடிப்பென்றால் 22.5தான் போட்டிருக்கிறது. குறைகிற ஏழரையை மழை கொண்டுபோகவில்லை. (ஏழரை என்பது தற்செயல்.) ஆனால் ஓரிடத்தை மட்டும் அளந்துவிட்டுக் கத்தினால் அவசரப் பொதுமையாக்கம் எங்கள் தலையில் விழும், ஐந்தாறு இடத்திலாவது அளக்க வேண்டும்.

“முந்தி இருந்தவை” சாட்டுக்கு, அதே விண்ணப்பத்தில் முந்திய சபை போட்ட வீதியொன்றின் கடதாசிகளையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்களும் தின்றிருந்தால் இரண்டு முறைப்பாடு எழுதலாம், ஒன்று மற்றதைக் கழிக்காது.

“இனத்துக்காகக் கதைக்கிற ஆளிட்ட சீமெந்துக் கணக்கோ கேக்கிறியள்?” என்பதற்கு மட்டும் இந்தச் சேவையில் மருந்தில்லை.

பெரிய குறை இழுத்தடிப்பு. மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் (மேன்முறையீட்டைக் கேட்கச் சபைக்கென நியமிக்கப்பட்டவர்) மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. திகதிகளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். பொறுமை இருப்பவருக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம்.