லிஃப்ட் போட்ட வண்டியில் ஸ்வே பார்: கழற்றுவதா, நீட்டுவதா, தடிப்பாக்குவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து, லெசோத்தோ எல்லையில் இருக்கும் சானி பாஸ் மலைக்கணவாய்க்குக் கிளம்பினால் வழியில் பெரும்பகுதி தார்ச்சாலைதான். என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க், அங்கிருந்து டவுன் ஹில் ஏற்றத்தில் பெரிய லாரிகளுக்கு நடுவே கொஞ்சம் திகில், ஹௌவிக் பக்கம் ஆர்617-இல் திரும்பி புல்வர், அண்டர்பர்க், ஹிம்வில். 2876 மீட்டர் உச்சிக்கு ஏறும் கல்லும் கொண்டை ஊசி வளைவும் கடைசிச் சில கிலோமீட்டர்தான். லிஃப்ட் போட்ட, அதாவது ஸ்பிரிங் மாற்றி உயர்த்திய வண்டியில், சாயாமல் பிடிக்கும் கம்பியான ஸ்வே பாரை என்ன செய்யலாம் என்று கேட்கிறவர்கள் அந்தச் சில கிலோமீட்டரை மட்டும் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். நான் போகவர நானூறு கிலோமீட்டர் தாரையும் சேர்த்துப் பார்க்கிறேன்.

ஒப்பிட இரண்டு வண்டிகள் கைவசம் உண்டு. என்னுடையது ஜிம்னி. சேட்ஸ்வொர்த்தில் இருக்கும் அண்ணனுடையது ஃபார்ச்சூனர். இரண்டிலும் 50 மி.மீ. லிஃப்ட். ஜிம்னிக்கு முன்னும் பின்னும் முழு அச்சு, அதாவது இரு பக்கச் சக்கரத்தையும் ஒரே அச்சு இணைக்கிறது. ஃபார்ச்சூனருக்குப் பின்னால் முழு அச்சு, முன்னால் சக்கரங்கள் தனித்தனி. இந்த ஒரு வித்தியாசத்தால் ஒருவருக்குச் சரியான விடை மற்றவருக்குத் தப்பாகிவிடுகிறது.

ஸ்வே பார் என்பது இரண்டு பக்கமும் கை மடங்கிய ஒரு முறுக்குக் கம்பி. இரு சக்கரமும் ஒன்றாக ஏறினால் அது சும்மா சுழலும். ஒன்று மட்டும் ஏறினால் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். வளைவில் வண்டி சாயாமல் பிடிப்பதும், பாறையில் சக்கரம் தொங்க விடாமல் தடுப்பதும் இதே குணம்தான். லிஃப்ட் போட்டதும் வண்டியின் எடை மையம் மேலே போகிறது. அதாவது பாருக்கு வேலை கூடுகிறது. அதே நேரம் சேசிஸுக்கும் அச்சுக்கும் இடைவெளி கூடியதால் பாரின் கைகள் சரிந்துவிடுகின்றன, வேலையை ஒழுங்காகச் செய்ய முடிவதில்லை.

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் விடுவது. என் வண்டிக்கு லிஃப்ட் போட்ட பட்டறை அதைத்தான் செய்தது. ஸ்பிரிங், ஷாக் எல்லாம் புதிது, பாரின் கை நுனியை அச்சோடு இணைக்கும் சின்னக் கம்பியான லிங்க் மட்டும் பழையது. தாரில் பெரிதாகத் தெரியவில்லை. கல்லில் சக்கரம் முழுசாகத் தொங்கியபோது ‘டொக்’ என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் லிங்கும் கையும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் நிற்கின்றன. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் லிங்க் மறுபக்கம் புரண்டு மாட்டிக்கொண்டிருக்கும். காசு மிச்சம் என்று இதை விடக் கூடாது.

அடுத்தது நீளமான லிங்க். முழு அச்சு வண்டிக்கு இதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. லிங்க் செங்குத்தாக நின்றால், 50 மி.மீ. லிஃப்ட்டுக்கு லிங்கும் ஏறக்குறைய அதே அளவு நீள வேண்டும். நீளம் மாற்றக்கூடிய லிங்காக வாங்கினால் இன்னும் நல்லது. ஆனால் வண்டியை ஜாக்கில் தூக்கி வைத்துக்கொண்டு அளப்பவர்கள் இருக்கிறார்கள். அது வீண் வேலை. சமதரையில் நான்கு சக்கரமும் எடை தாங்கி நிற்க வேண்டும், வழக்கமாக ஏற்றும் சாமானும் உள்ளே இருக்க வேண்டும். பாரின் கைகள் தரைக்கு இணையாக, லிங்க் கைக்குச் செங்குத்தாக வரும்படி ஒரு பக்கத்தை முதலில் மாட்டுங்கள். மறுபக்க போல்ட், சுத்தியல் தொடாமல் தானாக உள்ளே போக வேண்டும். போகவில்லையென்றால் பார் இப்போதே முறுக்கிக்கொண்டிருக்கிறது. அப்படியே இறுக்கினால் வண்டி இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் ஒரு மாதிரி நடக்கும். அந்தப் பக்க லிங்கை மட்டும் அரைச் சுற்று, ஒரு சுற்று திருகிப் பாருங்கள். ரப்பர் புஷ்ஷை இறுக்குவதும் சக்கரம் தரையில் இருக்கும்போதுதான்.

அண்ணன் வேறு வழி போனார்: லிங்கைத் தொடாமல் பாரையே கீழே இறக்கும் பிராக்கெட். முன் சக்கரம் தனித்தனியாக இருக்கும் வண்டிக்கு இது பொருத்தம். அங்கே பாருக்குப் பக்கத்திலேயே ஸ்டியரிங் ராடும் டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் உறையும் இருக்கின்றன. லிஃப்ட்டுக்கு அப்புறம் எது எதை உரசும் என்று ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். பாரை இறக்கினால் பழைய கோணம் ஓரளவு திரும்பி வருகிறது. கொஞ்சம் தரை இடைவெளி போகும், அவ்வளவுதான்.

இனி எல்லோரும் ஆசைப்படும் விஷயம்: பூட்டு ஊசியை (பின்) உருவினால் கழன்றுவிடும் டிஸ்கனெக்ட் லிங்க். ஜிம்னியில் வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது. ஒரு சக்கரம் பாறை மேல் ஏறும்போது மறு சக்கரம் தரையை விடுவதில்லை, தலை இடமும் வலமும் ஆடுவதும் குறைகிறது. ஃபார்ச்சூனரின் முன்பக்கம் கழற்றிப் பார்த்தோம். சக்கரம் எவ்வளவு இறங்கலாம் என்பதை அங்கே சக்கரத்தைத் தாங்கும் விஷ்போன் கைகளே தீர்மானித்துவிடுவதால், பட்ட பாட்டுக்குக் கிடைத்தது கொஞ்சம்தான். அதோடு, முன்னால் கழற்றிப் பின்னால் பாரை வைத்துக்கொண்டு வேகமாகத் தாரில் ஓட்டினால் வளைவில் பின்பக்கம் வெளியே வழுக்கப் பார்க்கும்.

“கழட்டி கராஜ்ல போட்டுடு தம்பி” என்பது அண்ணன் எனக்குச் சொன்ன யோசனை. ஒரு வாரம் அப்படித்தான் ஓட்டினேன். சரளைச் சாலையின் அலை மேடுகளில் சொகுசு, ஒப்புக்கொள்கிறேன். டவுன் ஹில்லில் ஒரு லாரியைத் தவிர்க்கத் தடம் மாறினேன். வண்டி சாய்ந்தது, நான் ஸ்டியரிங்கை நேராக்கிய பிறகும் உடம்பு சாய்ந்தே இருந்து, தாமதமாக மறுபக்கம் விழுந்தது. சாலையில் குறுக்கே மாடு வரும் ஊரில் இது சரிப்படாது. அன்று மாலையே பாரைத் திரும்ப மாட்டினேன்.

தடிப்பான பார் இதற்கு நேர் எதிர்க் கோடி. கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும்: 24 மி.மீ.க்குப் பதில் 26 மி.மீ. போட்டால் விறைப்பு சுமார் 38 சதவீதம் கூடும். கையில் இரண்டு மூன்று துளை இருக்கும் பாராக இருந்தால் உள்துளைக்கு மாற்றினாலே விறைப்பு ஏறும், 250 மி.மீ. கை 225 ஆனால் ஏறக்குறைய 23 சதவீதம். கூரையில் கூடாரம் கட்டிக்கொண்டு பெரும்பாலும் தாரில் ஓடும் வண்டிக்கு இது நியாயம், அதுவும் இரு முனைக்கும் சேர்த்து யோசித்தால். முன்னால் மட்டும் விறைப்பாக்கினால் வண்டி வளைய மறுக்கும், பின்னால் மட்டும் என்றால் பின்புறம் உதறும். மணல், பாறை என்று சுற்றுகிறவர்களுக்கு வேண்டாம். மணலில் எப்படியும் டயர் காற்றைக் குறைப்பதுதான் வேலை செய்யும், பார் அல்ல.

கம்பெனியே யோசித்துக் கொடுத்த வண்டிகளும் உண்டு. ஜீப் ராங்க்லர் ரூபிகானில் 2007 முதல் ஒரு பொத்தானை அழுத்தினால் முன் பார் பிரிந்துவிடும். ஏறக்குறைய 29 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தானே சேர்ந்துகொள்ளும். டொயோட்டா பிராடோவில் வந்த கேடிஎஸ்எஸ் என்ற அமைப்பு ஹைட்ராலிக் முறையில் அதே மாதிரி வேலையைச் செய்கிறது. அந்த பிராடோவுக்கு லிஃப்ட் போடுகிறவர் அதன் வால்வுகளைத் திறந்து அழுத்தத்தைச் சமமாக்காமல் வேலை செய்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

இப்போது என் ஜிம்னியில் நீள லிங்கும் பூட்டு ஊசியும் சேர்ந்த செட். அண்ணனுக்கு பிராக்கெட் போதும், அவர் எதையும் உருவுவதில்லை. அடிவார எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டுக்கு நிற்கும்போது நான் இரண்டு ஊசியையும் உருவி, லிங்க் எதிலும் இடிக்காதபடி மேலே கட்டிவிடுகிறேன். இறங்கி வந்ததும் அதே இடத்தில் மாட்ட வேண்டும். தரை கொஞ்சம் கோணலாக இருந்தாலும் துளை நேருக்கு வராது. அப்போது அண்ணன் வந்து பம்பர் ஓரத்தில் உட்காருவார், ஊசி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். காலையில் சாப்பிட்ட பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிய டர்பன் சாப்பாடு) வீண் போகவில்லை என்பார்.