ஏற்காட்டு வளைவு தெரிந்தவர்களுக்கு ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டவை

2001 உலக ராலி சாம்பியனின் பெயரில் 2004-இல் வந்த கம்ப்யூட்டர் கார் ராலி கேம் இது. இன்றும் இது ஓடுவதற்கு ரசிகர்களின் இரண்டு வேலைகள்தான் காரணம். ஒன்று, கார்கள், ஸ்டேஜ்கள் (நேரம் பார்த்துத் தனியாக ஓட்டும் ரோட்டுத் துண்டுகள்), ஆன்லைன் போட்டி எல்லாவற்றையும் ஒரே இன்ஸ்டாலரில் தரும் ராலிசிம்ஃபேன்ஸ் தொகுப்பு. மற்றது, கார் ஓடும் விதத்தை நிஜம்போலக் கணக்கிடும் என்ஜிபி என்ற பிசிக்ஸ் பிளகின். உயிர் இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது சட்டென்று புரியும். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் திரும்பாது, வண்டி வெளியே தள்ளும். நேர் ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்து, திருப்பும்போது பிரேக்கை மெல்ல விட்டால் முன்பக்கத்தில் பாரம் நின்று வண்டி உள்ளே வரும். பிரெஞ்சு மலை ஸ்டேஜான ஜூ பிளானில் அந்தப் பாரம் கூடிக் குறைவது ஸ்டியரிங்கில் கைக்கே தெரிகிறது.

அப்படித் தெரியவில்லை என்றால் கேமைக் குறை சொல்ல வேண்டாம், செட்டிங்தான் தப்பு. கம்ப்யூட்டரில் செருகும் ஸ்டியரிங் வீலின் டிரைவர் மென்பொருளில் சுழற்சி 900 டிகிரி என்றால், கேமைத் திறக்கும் லாஞ்சரிலும் அதே 900 இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் கார் திரும்பும் அளவும் கை திரும்பும் அளவும் வேறாகிவிடும். டிரைவரில் சென்டரிங் ஸ்பிரிங்கைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் டயர் வழுக்குவது தெரியாது, வீல் எப்போதும் நடுவுக்கே இழுக்கும். வீலின் மோட்டார் கைக்குத் தரும் விசையான ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை உச்சத்தில் வைப்பது அடுத்த தவறு. மோட்டார் தன் எல்லையைத் தொட்டதும் விசை ஒரே அளவில் நின்றுவிடும். பிடி போவதற்கு முந்தைய அந்த லேசான தளர்வு காணாமல் போகும். வேகமான நீள வளைவு ஒன்றில் திரும்பத் திரும்ப ஓட்டி, தளர்வு தெரியும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். தார், சரளை, பனி மூன்றுக்கும் தனித்தனி அளவு உண்டு. தாருக்குச் சரியானது சரளையில் சப்பென்று இருக்கும்.

புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் நிறுவ வேண்டாம், எழுதும் அனுமதிச் சிக்கல் வரும். கேம் படம் காட்டப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் 9-இன் ஜூன் 2010 தொகுப்பும் தேவை. விண்டோஸ் 10, 11-இல் அது தானாக இருக்காது. வீல், பெடல், ஹேண்ட்பிரேக் எல்லாவற்றையும் கேமைத் திறக்கும் முன்பே செருகிவிடுங்கள். படம் திக்கித் திக்கி வந்தால் லாஞ்சரில் வல்கன் என்ற வேறு படம் காட்டும் முறைக்கு மாற்றிப் பாருங்கள். இது 32 பிட் கேம், பெரும்பாலும் பிராசசரின் ஒரே கோரை நம்பி ஓடுவது. விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு பெரிய பலன் தராது.

முதல் கார் எம்ஜி இசட்ஆர் சூப்பர் 1600 ஆக இருக்கட்டும். முன்சக்கர இழுவை, வேகமும் மட்டு, செய்த தவறு உடனே தெரியும். நான்கு சக்கர இழுவைக் கார்களை எடுத்ததும் ஓட்டினால் தப்பான பழக்கங்களை அவற்றின் பிடி மறைத்துவிடும். கேமோடு வந்த ராலி பள்ளி என்ற பயிற்சியைத் தவிர்த்துவிடாதீர்கள். ஹேண்ட்பிரேக் எப்போது, இடது கால் பிரேக் எப்போது என்பதற்கு இன்றும் அதுவே நல்ல பாடம்.

அடுத்த வளைவை முன்கூட்டிச் சொல்லும் கோ-டிரைவர் குறிப்பை 'சீக்கிரம்' என்ற அளவில் வையுங்கள். ஆன்லைன் ராலியில் ஒரு யுபிஎஸ் அவசியம்: நடுவில் கரண்ட் போனால் ஸ்டேஜை மறுபடி தொடங்க முடியாது, சூப்பர்ராலி வசதி (விலகியவர் அடுத்த ஸ்டேஜிலிருந்து தொடர விடுவது) இல்லாத போட்டியென்றால் அங்கேயே வெளியேற்றம்.