பழைய ஹைலக்ஸை உயர்த்தி மூன்று வருடம்

நோர்வூட் பக்கத் தோட்டங்களுக்கு மரக்கறியும் சாமானும் ஏற்றும் என் கெப், டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106. 2.8 லீற்றர் டீசல், முன்னும் பின்னும் தகட்டு ஸ்பிரிங். 2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு வேறு வண்டி வாங்கும் பேச்சே இருக்கவில்லை. இருப்பதைத்தான் ரோட்டுக்கு ஏற்றபடி ஆக்க வேண்டியிருந்தது. தோட்டத்து ரோட்டில் லொறிகள் தோண்டிய இரண்டு பள்ளங்களுக்கு நடுவே ஒரு மேடு நிற்கும். மே மாத மழை பிடித்துக்கொண்டால் அதில் வயிறு உரசாமல் ஒரு நடைகூடப் போக முடியாது.

முதலில் மலிவான வழியில் போனேன். பின் ஸ்பிரிங்குக்கு நான்கு அங்குலம் கூடுதல் நீளமான ஷெக்கல், அதாவது ஸ்பிரிங்கின் ஒரு முனையை வண்டிச் சட்டத்தோடு இணைக்கும் துண்டு. ஸ்பிரிங்கின் ஒரு முனை மட்டுமே இறங்குவதால் வண்டி இரண்டு அங்குலம்தான் உயரும். உயர்ந்தது. ஆனால் பாரத்தோடு வளைவில் திரும்பினால் பின்பக்கம் பக்கவாட்டில் ஆடியது.

அதைவிடப் பயமுறுத்தியது பிரேக். என் வண்டியில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி மேலே போய் ஒரு வால்வைப் பிடித்திருக்கிறது. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிவிடும். ஷெக்கல் பின்பக்கத்தைத் தூக்கியதும், நிறைய மூட்டை இருந்தாலும் வால்வுக்கு அது வெறும் வண்டிதான். ஹட்டனிலிருந்து கினிகத்தேனைக்கு இறங்கும்போது முன் பிரேக்தான் முழுச் சுமையையும் தாங்கியது. கருகல் வாடை வந்ததும் ஓரமாக நிறுத்திவிட்டேன். உயர்த்துகிறவர்கள் தயவுசெய்து இதை முதலில் பாருங்கள். அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் பாரம் ஏற்றாதீர்கள்.

அப்புறம் ஸ்பிரிங் அடிக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். "தம்பி, ஒசத்துறது இருக்கட்டும். மொதல்ல இது எவ்வளவு எறங்கியிருக்குன்னு பாருங்க" என்றார். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை அளந்து, நல்ல நிலையில் இருந்த நண்பரின் அதே மொடலோடு ஒப்பிட்டோம். பின்னால் ஒன்றரை அங்குலம் குறைவு! வருடக்கணக்காகப் பாரம் சுமந்து ஸ்பிரிங் படுத்துவிட்டது. நீள ஷெக்கலைக் கழற்றினோம். தகடுகளை மறுபடி வளைத்து, பின்னால் ஒரு தகடு கூட்டி, ஸ்பிரிங்கை அச்சோடு பிடிக்கும் யூ போல்ட்டையும் புதிதாகப் போட்டோம். வால்வுக் கம்பியையும் சரிசெய்து, ஒரு வாரம் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி முறுக்கினோம். ஷொக் அப்சோபர் மட்டும் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் வாங்கினேன்.

சட்டத்துக்கு மேலே இருக்கும் பொடியை (வண்டியின் கூட்டை) மட்டும் தூக்கும் கட்டை வைக்கலாம் என்றும் சொன்னார்கள். அடியில் எதுவும் உயராது என்பதால் விட்டுவிட்டேன்.

ஸ்பிரிங்கை என்ன செய்தாலும், அச்சின் நடுவில் புடைத்து நிற்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃப் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. என்னிடம் இருந்தது 205ஆர்16 அளவு டயர். 235/85 போட ஆசைதான். ஆனால் அது எட்டு வீதத்துக்கு மேல் பெரிது, டர்போ இல்லாத எஞ்சின் ஏற்றத்தில் திணறும். 215/85 போட்டேன். டிஃபுக்குக் கீழே கிடைத்தது 15 மில்லிமீற்றர்தான், இழுவை பெரிதாகக் குறையவில்லை. ஸ்பீடோ 60 காட்டும்போது உண்மையில் 62 போகிறது.

மூன்று வருடத்தில் பின்பக்கம் ஒரு விரல் அளவு மறுபடி இறங்கியிருக்கிறது. வெறும் வண்டியில் குலுக்கல் கூட, அம்மா முன் சீட்டில்கூட உட்கார யோசிக்கிறார். பாரத்தோடு மிக நன்றாக இருக்கிறது, பின் பம்பர் இப்போது எங்கும் இடிப்பதில்லை. நடு மேடு மோசமாக இருக்கும் இடத்தில் ஒரு பக்கச் சக்கரத்தை அதன்மேல் ஏற்றித்தான் இன்னும் ஓட்டுகிறேன்.