மெகா பவர்ஸ்: நெடுநாள் பார்வையாளர் ஒருவரின் புகழ்ச்சியும் புகாரும்

ரெஸ்லிங் வீரர் ராண்டி சாவேஜின் உயரம், எடை, மார்பளவு, தரவரிசை போன்ற விவரங்களை இங்கே எழுதப் போவதில்லை. தொண்ணூறுகளில் பள்ளிப் பைக்குள் அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப்.இன் டிரம்ப் கார்டுகளை ஒளித்து வைத்திருந்தவர்களுக்கு அவை வாய்ப்பாட்டைவிட நன்றாக மனப்பாடம். இந்த மனிதர்கள் எதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் அந்தச் சீட்டுகள் சொல்லவில்லை. கேபிள் தொலைக்காட்சியில் துண்டு துண்டாகப் பார்த்தவர்களுக்கு வர்ணனையின் ஆங்கிலம் பாதிகூடப் புரியவில்லை. யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதைக் கூட்டத்தின் கூச்சலை வைத்துத்தான் முடிவு செய்தோம். பழைய நிகழ்ச்சிகள் முழுமையாகவும் வரிசையாகவும் கிடைக்கத் தொடங்கிய பிறகே அவற்றுக்குள் ஆண்டுக்கணக்கில் நீளும் கதைகள் இருந்தன என்பது எங்களில் பலருக்குத் தெரிந்தது.

அவற்றுள் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஹல்க் ஹோகனும் ராண்டி சாவேஜும் கைகோத்துப் பிரிந்த ‘மெகா பவர்ஸ்’ கதை. 1987 அக்டோபரில் தொடங்கி, 1989 ஏப்ரலில் உடைந்து, என்னைப் பொறுத்தவரை 1991 மார்ச்சில்தான் முடிந்த கதை அது. முடிவுகள் முன்கூட்டியே எழுதப்படும் ரெஸ்லிங் உருவாக்கிய கதைகளில் இதைவிடச் சிறந்த ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் எரிச்சலூட்டுவதும் இதே கதைதான்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். கதையின் விதை எவ்வளவு முன்பே ஊன்றப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். 1986இலேயே, ரிங்கின் மூலை மெத்தையான டர்ன்பக்கிளைக் கடித்துக் கிழிக்கும் ஜார்ஜ் ஸ்டீல், சாவேஜின் மேனேஜரான மிஸ் எலிசபெத்தின்மீது மயங்கி நின்றபோது, சாவேஜ் பொறாமையில் வெந்தார். அப்போது அவர் எலிசபெத்தை எல்லார் முன்னிலையிலும் அதட்டி விரட்டும் வில்லன். ரிக்கி ஸ்டீம்போட்டின் தொண்டையை மணியால் நசுக்கியவர். ஆகவே 1987இல் அவர் நல்லவராக மாறியபோது குணம் மாறியதாக யாரும் காட்டவில்லை. கூட்டம் அவரை நேசிக்கத் தொடங்கியது, அவ்வளவுதான். பொறாமை அப்படியே உள்ளே இருந்தது. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் புதிதாக ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவையே எழுதியவர்களுக்கு ஏற்படவில்லை.

கூட்டணி பிறந்த நிகழ்ச்சியும் அழகாக அமைந்திருக்கிறது. ஹாங்கி டாங்க் மேனும் ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற இருவர் அணியும் சேர்ந்து சாவேஜைப் பிடித்துவைத்து கிடாரால் அடிக்க, தடுக்க வந்த எலிசபெத் தள்ளிவிடப்படுகிறார். அவர் உள்ளே ஓடிப்போய் ஹோகனை அழைத்து வருகிறார். அதன்பின் இருவரும் நீட்டிக்கொண்ட கைகள் சேரும்வரை கேமரா பொறுமையாகக் காத்திருக்கிறது. அடுத்த பிப்ரவரி 5 அன்று, ஆள்மாறாட்ட ரெஃப்ரியின் உதவியால் ஆண்ட்ரே தி ஜயண்ட் ஹோகனிடமிருந்து சாம்பியன் பெல்ட்டைப் பறித்து அதைப் பணக்கார வில்லன் டெட் டிபியாசியிடம் ஒப்படைத்தார். அமெரிக்காவில் ஏறத்தாழ 3.3 கோடிப் பேர் அந்த ஒளிபரப்பைப் பார்த்ததாகக் கணக்கிடப்பட்டது. பட்டம் காலியென அறிவிக்கப்பட்டு, 1988 மார்ச் 27 அன்று அட்லாண்டிக் சிட்டியில் நடந்த நான்காம் ரெஸில்மேனியா என்ற ஆண்டுப் பெருநிகழ்ச்சியில் போட்டித்தொடர் நடந்தது. ஒரே இரவில் நான்கு பேரை வென்று சாவேஜ் சாம்பியன் ஆனார். ஒவ்வொரு போட்டிக்கும் ஒவ்வொரு நிறத்தில் அங்கி அணிந்து வந்தார். இறுதிப் போட்டியில் ரெஃப்ரி பார்க்காத நேரத்தில் டிபியாசியின் முதுகில் நாற்காலியை இறக்கியவர், எலிசபெத் போய் அழைத்து வந்த ஹோகன்.

அந்த இரவின் கடைசி நிமிடங்களை நிதானமாகப் பார்க்கப் பரிந்துரைக்கிறேன். சாவேஜ் எலிசபெத்தைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்கிறார். அவருடைய வாழ்க்கையின் உச்சம் அது. ஆனால் ஹோகன் ரிங்கைவிட்டு இறங்குவதாக இல்லை. பெல்ட் அடுத்தவருடையதாக இருக்கும்போதும் கூட்டத்தின் கைத்தட்டலில் தமக்கொரு பங்கு உண்டு என்பதுபோல் அங்கேயே நின்று கொண்டாடுகிறார். இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா, பழக்கதோஷமா என்று எனக்குக் கவலையில்லை. அடுத்த ஓராண்டின் கதை முழுவதும் அந்த நிற்பில் இருக்கிறது.

அந்த ஓராண்டு எழுத்தில்தான் இந்தக் கதையின் பெருமை. அவசரம் என்பதே இல்லை. ஆகஸ்டில் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் நடந்த முதல் சம்மர்ஸ்லாமில் இருவரும் சேர்ந்து ஆண்ட்ரேயையும் டிபியாசியையும் வெல்கிறார்கள். வெற்றிக் களிப்பில் ஹோகன் எலிசபெத்தை நெருங்கும் கணத்தில் சாவேஜின் முகம் லேசாக இறுகித் தளர்கிறது. வர்ணனையாளர் சுட்டிக்காட்டாவிட்டால் தவறிப்போகும் அளவு சிறிய அசைவு. பலர் ஒரே ரிங்கில் மோதி, மேல்கயிற்றுக்கு வெளியே எறியப்பட்டவர் விலகும் ராயல் ரம்பிளில், 1989 ஜனவரியில், எதிராளி ஒருவரை வெளியேற்றும் வேகத்தில் ஹோகன் தம் கூட்டாளியையும் சேர்த்துத் தூக்கி வெளியே எறிகிறார். சண்டை மூளும்போது எலிசபெத் நடுவில் வந்து சமாதானம் செய்கிறார். கை குலுக்குகிறார்கள். பார்ப்பவருக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. இன்று ஒரு கூட்டணியை ஏப்ரலில் அமைத்து ஜூனில் உடைத்துவிடுகிறார்கள். அந்த அவசரத்துக்குப் பழகிய கண்ணுக்கு இந்த நிதானம் பெரும் ஆறுதல்.

இனி எரிச்சல். 1989 பிப்ரவரி 3, மில்வாக்கி. எதிரே அக்கீமும் பிக் பாஸ் மேனும். கயிறுகளுக்கிடையே வீசப்பட்ட சாவேஜ், கீழே நின்றிருந்த எலிசபெத்தின்மேல் விழ, அவர் நினைவிழக்கிறார். ஹோகன் என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள். மருத்துவ உதவியாளர்களை அழைத்துவிட்டுப் போட்டியைத் தொடரலாம். தாம் தூக்கிச் செல்வதாகக் கூட்டாளியிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். இரண்டும் இல்லை. எலிசபெத்தை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு உள்ளே போகிறார். ரிங்கில் சாம்பியன் தனியாக இரண்டு மலைகளிடம் அடிவாங்கிக்கொண்டிருக்க, கேமராவோ மருத்துவ அறைக்குள் ஹோகன் கண் கலங்கிக் கெஞ்சும் காட்சியைக் காட்டுகிறது. ஹோகன் திரும்பி வந்து மூலையில் நின்று ‘நான் வந்துவிட்டேன்’ என்பதுபோல் ஆள் மாற்றிக்கொள்ளக் கையை நீட்டும்போது, சாவேஜ் அந்தக் கையைத் தொடவில்லை; கன்னத்தில் அறைகிறார். பெல்ட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். பின்னர் மருத்துவ அறையில், எலிசபெத்தின் தலைமாட்டில் மீண்டும் ஹோகனைக் காணும்போது பெல்ட்டாலேயே தாக்குகிறார்.

தாக்கியது தவறு, மறுக்கவில்லை. ஆனால் சாவேஜின் குற்றச்சாட்டில் எந்த வரி பொய்? ‘நான் சாம்பியனாக இருக்கும்போதும் நீ முன்னால் வந்து நிற்கிறாய், எலிசபெத்தின் அருகிலும் நீயே நிற்கிறாய்’ என்பதுதானே அவருடைய வாதத்தின் சாரம்? அந்த ஓராண்டு ஒளிப்பதிவு முழுவதும் அதற்குச் சாட்சியாகக் கிடக்கிறது. இதை அன்றே உரக்கச் சொன்னவர் வில்லன்களுக்காகப் பேசும் வர்ணனையாளர் ஜெஸ்ஸி வெஞ்சுரா. சிறுவயதில் அவருடைய குரல் வெறும் இரைச்சலாகக் கேட்டது. வர்ணனையைப் புரிந்துகொண்டு பார்க்கும்போது, அந்த மேசையில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான் என்று தோன்றுகிறது. எதிர்பாராத இன்பம் என்று இக்கதையில் எனக்குக் கிடைத்தவற்றுள் வெஞ்சுராவின் வர்ணனைக்கு முக்கிய இடம் உண்டு. அவர் சரியாகச் சொல்லச் சொல்ல, சக வர்ணனையாளர் கொரில்லா மான்சூன் ஒரு தலைமையாசிரியரின் சலிப்போடு அவரை அடக்கிக்கொண்டே இருப்பார்.

ஒரு நல்ல கதையில் இரு தரப்புக்கும் நியாயம் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அவ்வளவு நுட்பமாக இரு தரப்பையும் வளர்த்துவிட்டு, கடைசியில் ஒரு தரப்பைச் சிறுபிள்ளைத்தனமான பொறாமைக்காரன் என்று முத்திரை குத்தி முடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1989 ஏப்ரல் 2, அதே அட்லாண்டிக் சிட்டி, அதே அரங்கம். சாவேஜ் மேல்கயிற்றிலிருந்து பாய்ந்து முழங்கையை இறக்கும் எல்போ டிராப் போடுகிறார். ஹோகன் உதறி எழுந்து, விரலை ஆட்டி, பூட்ஸால் முகத்தில் உதைத்து, காலை மேலே இறக்கும் லெக் டிராப் போட்டு வெல்கிறார். 371 நாள் சாம்பியனாக இருந்தவரின் கதை, ஹோகன் வழக்கமாக எல்லாரையும் வெல்லும் அதே வரிசையில் முடிந்துபோகிறது. எலிசபெத்தின் நிலை இன்னும் மோசம். யாருக்காக இவ்வளவும் நடந்ததாகச் சொன்னார்களோ, அவரை நடுநிலை மூலையில் நிறுத்தி, பாதியில் ரெஃப்ரியைக் கொண்டு உள்ளே அனுப்பிவிடுகிறார்கள். நீ யார் பக்கம், ஏன் என்று அவரை ஒழுங்காகப் பேசவிட்ட காட்சி ஒன்றாவது வருமா என்று தேடித் தேடிப் பார்த்தாயிற்று.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், அன்றைய டபிள்யூ.டபிள்யூ.எஃப். ஹோகனை நம்பி ஓடிய வண்டி. அவர் தோற்பதற்கு வணிகத்தில் இடமில்லை. நடிகராகவும் அவரைக் குறைத்து மதிப்பிட முடியாது. மருத்துவ அறைக் காட்சியில் வேறொருவர் இருந்திருந்தால் சிரிப்பு வந்திருக்கும். அவர் செய்யும்போது கூட்டம் நம்பியது. 2025 ஜூலையில் அவர் மறைந்தபோது எனக்கும் வருத்தமாகவே இருந்தது. என் கோபம் அந்தப் பாத்திரத்தின்மேல்.

ஆயினும் 1991 மார்ச் 24 இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் ஏழாம் ரெஸில்மேனியா. தோற்பவர் ஓய்வு பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு சாவேஜும் அல்டிமேட் வாரியரும் மோதுகிறார்கள். சாவேஜ் அடுத்தடுத்து ஐந்து எல்போ டிராப் போட்டும் வாரியர் எழுந்துவிடுகிறார். கடைசியில் மார்பில் ஒற்றைக் காலை வைத்து வாரியர் வென்று போனதும், சாவேஜின் புதிய மேனேஜர் ஷெர்ரி, விழுந்து கிடப்பவரை உதைக்கத் தொடங்குகிறார். பார்வையாளர்களோடு அமர்ந்திருந்த எலிசபெத் ஓடிவந்து ஷெர்ரியை முடியைப் பிடித்து வெளியே எறிகிறார். எழுந்த சாவேஜுக்கு யார் வந்திருக்கிறார் என்பது புரியவே சில நொடிகள் ஆகின்றன. இருவரும் தழுவிக்கொள்ள, கேமரா கூட்டத்தில் அழுகின்ற முகங்களைக் காட்டுகிறது. இதுவரை எல்லாருக்கும் தெரியும். அதன்பின் வருவதுதான் என் விருப்பம்: பழைய நாள்களைப்போல அவருக்காகக் கயிற்றை விலக்கிப் பிடிக்க எலிசபெத் போகிறார், சாவேஜ் அவரைத் தடுத்து, தாமே அமர்ந்து கயிற்றை அகல விரித்து, முதலில் அவரைப் போகச் சொல்கிறார். வசனமே இல்லை. ஹோகனும் அருகில் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அதன்பின் வந்த ரிங் கல்யாணம், ஜேக் ராபர்ட்ஸின் பாம்பு எல்லாம் கூடுதல் பக்கங்கள். உண்மையில் 1984இலேயே மணமுடித்திருந்த இருவருக்கு 1991 ஆகஸ்டில் மேடையில் திருமணம் செய்துவைத்தார்கள். அடுத்த ஆண்டே அவர்களுடைய நிஜ மணவாழ்க்கை முறிந்தது. எலிசபெத் 2003இலும் சாவேஜ் 2011இலும் இறந்தனர்.

என் எரிச்சலுக்கு முத்திரை வைத்தது 2015. சாவேஜை நிறுவனத்தின் புகழ்பெற்றோர் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். தாமதம்தான், ஆனாலும் மகிழ்ச்சி. அவரை மேடையில் அறிமுகம் செய்து பேசி, மரியாதையை வழங்கியவர் யார் என்றால், ஹல்க் ஹோகன். சாவேஜின் சார்பில் அவருடைய தம்பி லானி போஃபோ ஏற்றுக்கொண்டார். நிறுவனத்தின் பார்வையில் அதுவே பொருத்தமான தேர்வாக இருந்திருக்கும். எனக்கு மட்டும் 1988இல் ரிங்கைவிட்டு இறங்க மறுத்த அதே மனிதர் இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும் அங்கேயே நிற்பதுபோல் இருந்தது.

இவ்வளவையும் எழுத வைத்தது அலுவலக நண்பர் ஒருவரின் கேள்வி. அவருடைய மகன் இப்போது ரெஸ்லிங் பைத்தியமாகத் திரிகிறானாம். பழைய கதைகளில் எதை முதலில் காட்டலாம் என்று கேட்டார். மெகா பவர்ஸ் என்ற பெயர் என் நாக்கின் நுனிவரை வந்தது. கதையமைப்பு, நிதானம், குணச்சித்திரம், வர்ணனை என எதை எடுத்துக்கொண்டாலும் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டிய கதை. ஆனால் கேட்ட அன்று நான் பார்த்து முடித்திருந்தது மில்வாக்கி, மனம் ஆறவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 1997இல் மேனேஜர் பால் பேரர், தீவிபத்தில் இறந்துவிட்டதாக எண்ணிய தம்பி உயிரோடு இருக்கிறான் என்று அண்டர்டேக்கர் என்ற வீரரை மாதக்கணக்கில் மிரட்ட, அக்டோபர் 5 அன்று செயின்ட் லூயிஸில் அந்தத் தம்பி கேன் கூண்டுக் கதவைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வரும் கதையைக் காட்டச் சொன்னேன். அதிலும் ஓட்டைகள் உண்டு. அந்தத் தீவிபத்து எப்படி நடந்தது என்பதை அவர்கள் மாற்றி மாற்றிச் சொல்வார்கள். பரவாயில்லை, அதில் ஹோகன் வரமாட்டார்.