டிஃபரன்ஷியல் போச்சு என்று 1,400 பவுண்ட் வாங்கிவிட்டார்கள்: பழைய எம்ஜிபி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இங்கிலாந்தில் ஆசைக்கு எம்ஜிபி, ட்ரையம்ஃப் மாதிரி ஒரு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வைத்திருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். பின்பக்கம் கிரீச்சென்று சத்தம் வருகிறது, ஒர்க்‌ஷாப்காரர் "டிஃபரன்ஷியல் போய்விட்டது, ஆக்சிலை இறக்க வேண்டும்" என்கிறார். டிஃபரன்ஷியல் என்பது பின் ஆக்சிலுக்கு (பின் அச்சுக்கு) நடுவில் இருந்து இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி. சரி என்று சொல்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 1972 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர். பின்னால் இரண்டு பக்கமும் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கிய இரும்புப் பட்டைகள்), அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆக்சில். நம்மூர் லாரிக்கு அடியில் இருக்கிற ஏற்பாடுதான், அளவில் சின்னது. வேகத்தடை ஏறி இறங்கினால் சத்தம், ஒடித்துத் திரும்பினால் சத்தம். சமமான நேர் ரோட்டில் ஒன்றுமே இருக்காது. இதை அப்படியே அந்த ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஸ்பெஷலிஸ்ட் என்று போர்டு போட்ட இடம். உரிமையாளர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வண்டியை ஜாக்கி போட்டுக்கூடத் தூக்காமல், டிஃபரன்ஷியல்தான் என்று முடித்துவிட்டார்.

ஆக்சில் கழற்றி மாட்டிய கூலி, த்ரஸ்ட் வாஷர் (டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களுக்குப் பின்னால் வரும் வளையம்), பேரிங், ஆயில் சீல் எல்லாம் சேர்த்து 1,400 பவுண்டுக்கு மேல் பில். கடைசி வரியில் 'லூப்ரிகன்ட் ஸ்ப்ரே, 12 பவுண்ட்' என்று ஒன்று. கழற்றிய பழைய பார்ட்ஸைக் கேட்டேன், குப்பையில் போட்டாயிற்று என்றார்கள். வண்டி என்னவோ சத்தமில்லாமல்தான் வீடு வந்து சேர்ந்தது. அப்புறம் நல்ல மழை பிடித்தது. மழை விட்டதும் அதே கிரீச்.

எங்கள் தெருவில் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்றிருந்த வண்டியின் பின் மட்கார்டில் இரண்டு கையையும் வைத்து அமுக்கி விட்டார். கிரீச். மறுபடி அமுக்கினார். கிரீச். "நிற்கிற வண்டியில் எந்தப் பல்சக்கரம் சுற்றுகிறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்பிரிங்கின் பின்முனையைப் பாடியோடு இணைத்துத் தாங்கும் ஷாக்கிளில் (ஆடும் கொக்கி) இரண்டு பாதியாக வரும் ரப்பர் உறை, அதாவது புஷ், பிதுங்கி, விரல் பட்டாலே கறுப்பாக ஒட்டியது. ஒர்க்‌ஷாப்பில் அடித்த ஆயில் ஸ்ப்ரே அதை ஊற வைத்திருந்தது. மினரல் ஆயில் இயற்கை ரப்பருக்கு ஆகவே ஆகாது. ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவில் சிவப்பாகத் துருத்தூள். இதையெல்லாம்விட எனக்கு ஆத்திரம் வந்தது, அதே ஆயில் பிரேக்கின் பின்தகட்டிலும் (பேக்பிளேட்) வழிந்திருந்ததைப் பார்த்தபோதுதான். சத்தத்தை மறைக்க பிரேக் பக்கம் ஆயில் அடிப்பவனை என்னவென்று சொல்வது?

சத்தம் புஷ்ஷில்தானா என்று உறுதி செய்ய அவர் செய்தது இன்னும் எளிது. பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்து ஷாக்கிளில் மட்டும் பீய்ச்சினார். சத்தம் உடனே அடங்கியது. தண்ணீர் ரப்பரைக் கெடுக்காது, காய்ந்ததும் சத்தம் திரும்ப வரும், இடம் பிடிபட்டுவிடும். புதுப் புஷ் போட்டு, பட்டைகளைச் சுத்தம் செய்து மாட்டியதில் பார்ட்ஸுக்கு ஆன செலவு, குடும்பத்தோடு ஒரு வேளை ஹோட்டலில் சாப்பிடுகிற காசுதான். ஒரு விஷயம் முக்கியம்: ஷாக்கிள் நட்டையும் ஸ்பிரிங் முன்முனை போல்ட்டையும் வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கி வைத்தபடி இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். பாலியூரித்தேன் புஷ் போடுகிறவர்கள் அதோடு வரும் சிலிக்கான் கிரீஸைத் தடவாமல் போட்டால், புதிதாகவே கத்தும்.

டிஃபரன்ஷியல் கெட்டால் இந்தச் சத்தமே வராது. ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் ஊளையிடும். த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருந்தால் கிளட்ச் விடும்போது 'டங்' என்று ஒரு இடி. இந்த வண்டியில் இருக்கும் சாலிஸ்பரி வகை ஆக்சிலில் அந்த வாஷர்களை மாற்ற ஆக்சிலை இறக்கவே வேண்டாம், பின்மூடியைக் கழற்றி வண்டியிலேயே செய்யலாம். கீச் சத்தம் ஓடும்போது மட்டும், அதுவும் வேகத்தோடு கூடிக் குறைந்தால், எண்ணிப் பாருங்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஏறக்குறைய நான்கு தடவை கீச்சிட்டால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் தண்டு) மூட்டில் இருக்கும் கிராஸ் காய்ந்திருக்கிறது, ஏனென்றால் எம்ஜிபியின் ஆக்சில் விகிதம் 3.909, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற அந்தத் தண்டு ஏறக்குறைய நான்கு சுற்று சுற்றும். சுற்றுக்கு ஒரு தடவை என்றால் பிரேக் டிரம் பக்கம் பாருங்கள். கம்பி வீல் உள்ளவர்கள் ஹப் பற்களில் கிரீஸ் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம்.

40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி (வருடாந்திர வாகனப் பரிசோதனை) கட்டாயமில்லை. எம்ஜிபி உற்பத்தி 1980லேயே நின்றுவிட்டதால் எல்லா எம்ஜிபியும் இந்தக் கணக்கில் வருகிறது. அதாவது வருஷத்துக்கு ஒரு தடவை வெளியாள் ஒருவர் அடியில் எட்டிப் பார்க்கும் வழக்கம் போய்விட்டது. ஒர்க்‌ஷாப்காரர் சொல்வதுதான் வேதவாக்கு. நான் இப்போது காசு கொடுத்து எம்ஓடிக்கு விடுகிறேன். வேலைக்கு விடும்போதே 'பழைய பார்ட்ஸ் திரும்ப வேண்டும்' என்று எழுதி வாங்கியும் விடுகிறேன்.

பணம்? 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும் என்று கடிதம் போட்டேன். பதிலுக்கு அந்த 12 பவுண்ட் ஸ்ப்ரே காசை மட்டும் 'நல்லெண்ணமாக'த் திருப்பிக் கொடுத்தார்கள். நல்லவேளை, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்து, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டம் 75-ஆம் பிரிவின்படி வங்கியும் பொறுப்பு. ஓய்வு பெற்ற மெக்கானிக் எழுதித் தந்த ஒரு பக்கக் குறிப்பு, பில், போட்டோக்கள் எல்லாம் வங்கிக்கு அனுப்பியாயிற்று. அங்கே நடக்கவில்லை என்றால் அடுத்து ஸ்மால் கிளெய்ம்ஸ், அதாவது சிறு தொகை வழக்குதான்.