பின் சஸ்பென்ஷனை மாற்றப் போகிறீர்களா? கம்பி, ஷாக், ஸ்பிரிங், புஷ் - எதற்கு முதலிடம்?

வளைவில் சற்று வேகமாகத் திரும்பினால் காரின் முன்பகுதி நாம் நினைத்த பாதையை விட்டு வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகிறது. முன்சக்கர இயக்கம் கொண்ட பெரும்பாலான கார்களுக்கு இந்தக் குணம் உண்டு. தயாரிப்பாளர்கள் தெரிந்தேதான் இப்படி வைக்கிறார்கள். மிரண்டுபோன ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இத்தகைய கார் சுழலாமல் அடங்கிவிடும். இந்தக் குணம் பிடிக்காதவர்கள் கடைசியில் பின்பக்கத்தில் கை வைக்கிறார்கள். அவர்களுக்கு நான்கு பொருள்கள் விற்கப்படுகின்றன: தடித்த ஆன்டி-ரோல் பார் (இடது வலது சக்கரங்களை இணைத்து, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி), உயர்தர ஷாக் அப்சார்பர் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது), காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், பாலியூரித்தேன் புஷ் (இணைப்புகளில் வழக்கமான ரப்பர் உறைக்குப் பதில் போடும் கெட்டியான உறை). நான்கும் ஒரே நோய்க்கு மருந்து என்பதுபோல் விளம்பரம் செய்கிறார்கள். அது சரியல்ல.

செலவிட்ட பணத்துக்கு உடனே வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் கம்பியை மிஞ்ச எதுவும் இல்லை. உள்ளே துளையில்லாத கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. 20 மி.மீ. கம்பியை எடுத்துவிட்டு அதே வடிவத்தில் 22 மி.மீ. கம்பியைப் போட்டால், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. விறைப்போ ஏறத்தாழ 46 சதவீதம் ஏறிவிடுகிறது. ஆனால் கம்பி, டயர் தரையைப் பற்றும் பிடி எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் சுமையின் மொத்த அளவை நிர்ணயிப்பவை காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலம், திரும்பும் வேகம் ஆகியவையே. அந்தச் சுமை மாற்றத்தில் பின்பக்கத்தின் பங்கைக் கூட்டுவதுதான் தடித்த பின்கம்பியின் வேலை. டயரின் மீது சுமை இரட்டிப்பானால் பிடி இரட்டிப்பாவதில்லை. அதைவிடக் குறைவாகவே ஏறும். எனவே பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து கொஞ்சம் பிடியை இழக்கின்றன, முன்சக்கரங்கள் கொஞ்சம் பெறுகின்றன. கார் கூர்மையாகத் திரும்புகிறது என்று நாம் மகிழ்வது இந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான்.

ஈரச் சாலையில் இதற்கான வட்டியைக் கட்ட வேண்டியிருக்கும். வளைவின் நடுவே சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வழுக்கி வெளியே வரலாம். பின்சக்கர இயக்கக் காரில் இன்னொரு தொல்லையும் உண்டு: சாதாரண டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கர அமைப்பு) இருந்தால், வளைவிலிருந்து வெளியேறும்போது சுமை குறைந்த உள்சக்கரம் வீணாகச் சுழலும். அந்தக் கார்களுக்குத் தடித்த பின்கம்பியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஷாக் அப்சார்பரின் பலன் வேறு வகை. வழவழப்பான சாலையில் புதிய ஷாக் பெரிதாக எதையும் காட்டாது. வளைவின் நடுவே மேடுபள்ளம் வந்தால்தான் அதன் அருமை தெரியும்: தேய்ந்த ஷாக்கில் சக்கரம் தத்தித் தத்தித் தரையை விட்டுவிட்டுப் பிடிக்கும், நல்ல ஷாக் அதைத் தரையோடு ஒட்டி வைக்கும். பிடியை இடம் மாற்றாமல், இருக்கும் பிடியைக் காப்பாற்றுவது என்ற வகையில் நான்கில் இதுதான் நேர்மையான செலவு. பழைய காருக்கு முதலில் இதையே செய்ய வேண்டும். தளர்ந்த ஷாக்கின் மேல் தடித்த கம்பியைப் போடுவது குறையை மூடி மறைக்கும் வேலை.

தாழ்த்தும் ஸ்பிரிங்குக்குக் கடைசி இடம். கார் தாழ்ந்தால் அழகு, ஈர்ப்பு மையமும் இறங்குகிறது, உண்மைதான். ஆனால் சக்கரம் மேலேறும் தூரமும் குறைகிறது. பின்னிருக்கையில் ஆட்களும் டிக்கியில் சாமானும் ஏறியபின் வளைவில் சஸ்பென்ஷன் முழுதும் அமுங்கி, அதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடித்தால், பின்பக்கம் நொடியில் விறைத்துக் கார் திடீரென்று வழுக்கும். பழைய ஷாக்கோடு இதை மட்டும் மாற்றுவது அதைவிட மோசம்.

புஷ் விஷயத்தில் இடம் பார்த்து முடிவெடுக்க வேண்டும். கம்பியை உடலோடு பிடித்திருக்கும் புஷ்ஷுக்கு பாலியூரித்தேன் பொருத்தமானது. கிரீஸ் வறண்டால் கீச்சிடும், அவ்வளவுதான். பின் அச்சைத் தாங்கும் பெரிய புஷ்கள் அப்படியல்ல. அவை பல திசைகளிலும் நெளிந்து கொடுக்க வேண்டியவை. டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்குக்கு இசைந்து கொடுக்கும் குறுக்குச் சட்டம்) உள்ள கார்களில் பலவற்றில் அவற்றின் கோணமும் நெகிழ்வும் கணக்கிட்டே வைக்கப்பட்டவை. அங்கே கெட்டிப் பொருளைத் திணித்தால் அசைவு இறுகி, பொறியாளரின் கணக்கு கெட்டுவிடும். புதிய ரப்பர் புஷ்ஷே போதும். அதைப் பொருத்தும்போது போல்ட்டைக் கடைசியாக முறுக்குவது கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் நடக்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டால், வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரமே கிழியும்.

ஷாக்கும் புஷ்ஷும் நல்ல நிலையில் இருக்கும் முன்சக்கர இயக்கக் காருக்கு மட்டும் கம்பி வாங்கலாம். முனையில் இரண்டு மூன்று துளைகள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். நுனிக்கு மிக அருகிலுள்ள துளையில் இணைத்தால் நெம்புகோல் நீளம் கூடி விறைப்பு குறையும். அதிலிருந்தே தொடங்குங்கள், ஒரு மழை நாளிலாவது ஓட்டிப் பார்த்தபிறகு அடுத்த துளைக்கு மாற்றுங்கள்.