மலைப்பக்கம் வாக்கி டாக்கி: விஹெச்எஃப்பா யுஹெச்எஃப்பா?

வால்பாறை, கொடைக்கானல் மாதிரி ஏரியாவுக்கு வாக்கி டாக்கி வாங்குறவங்க மொதல்ல கேக்குறது எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்னுதான். பெட்டில போட்டிருக்க நம்பரை விட்ருங்க, அது குறுக்க எதுவுமே இல்லாத இடத்துல கிடைக்கிறது, நடுவுல ஒரு மேடு வந்தாலே கதை வேற.

வாக்கி டாக்கி பெரும்பாலும் ரெண்டு வகை அதிர்வெண்ல வரும், கம்மியானது விஹெச்எஃப், அதிகமானது யுஹெச்எஃப். விஹெச்எஃப்ல, உதாரணத்துக்கு ஹாம்காரங்க (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்கா ரேடியோல பேசுறவங்க) பயன்படுத்துற 144-146 மெகாஹெர்ட்ஸ்ல, அலைநீளம் 2 மீட்டர் கிட்ட வரும், அதனால மேட்டு விளிம்புல கொஞ்சம் வளைஞ்சு அந்தப் பக்கம் இறங்கும், காட்டு இலைதழையும் யுஹெச்எஃப் அளவுக்கு இதை உறிஞ்சாது. ஆனா ஆன்டெனாதான் தலைவலி. ஒழுங்கான கால் அலை ஆன்டெனான்னா, அதாவது அலைநீளத்துல கால் பங்கு நீளம்னா, அரை மீட்டர் வேணும், கூட வர்ற குட்டை ரப்பர் ஆன்டெனால சிக்னல் நல்லாவே அடிவாங்கும்.

யுஹெச்எஃப்க்கு 17 சென்டிமீட்டரே போதும், கட்டடத்துக்குள்ளயும் நல்லா நுழையும், ரிசார்ட், எஸ்டேட் ஆபீஸுக்கு இது ஓகே. மலை முழுசா மறைச்சா ரெண்டுமே அவுட்தான்.

காட்டுல நடக்குறவங்களுக்கு என் ஓட்டு விஹெச்எஃப், நீள ஆன்டெனாவோட. 5 வாட்டை 10 ஆக்குனா சிக்னல் வெறும் 3 டெசிபல்தான் (சிக்னல் பலத்தை ஒப்பிடுற அளவு) கூடும், அதுக்குச் செலவு பண்றதுக்கு நாலு எட்டு மேல ஏறி நின்னு பேசலாம்.

லைசென்ஸ் எடுக்க முடியாதுன்னா விஹெச்எஃப் யோசனையே வேண்டாம், நம்ம நாட்டுல இந்த ரெண்டுல லைசென்ஸ் இல்லாம விட்டிருக்கிற வாக்கி டாக்கி 446.0-446.2 மெகாஹெர்ட்ஸ் கம்மி பவர் செட்டு, அது யுஹெச்எஃப்.